மீட்பு இல்லத்துல புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு: அங்க தங்குறவங்க விவரம் வெளிய போகாம எப்படிப் பாத்துக்கணும்

குடியில இருந்தோ கஞ்சா, மாத்திரை மாதிரி வேற போதையில இருந்தோ மீண்டு வர்றவங்க சேர்ந்து தங்குற வீட்டுல நீங்க புதுசா சேர்ந்திருக்கீங்க, வார்டனா இருக்கலாம், சமையலா இருக்கலாம், கணக்கு எழுதுறவரா இருக்கலாம், இல்ல ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து கூட உக்காந்து பேசிட்டுப் போறவரா இருக்கலாம், யாரா இருந்தாலும் முதல் வாரத்துலயே தெரிஞ்சுக்க வேண்டிய சங்கதிகளை இங்க எழுதுறேன். மருந்து, கவுன்சிலிங் எல்லாம் அதுக்குன்னு படிச்சவங்க சொல்லித் தருவாங்க. அங்க தங்கியிருக்கிறவரோட பேரையும் விவரத்தையும் எப்படிப் பாதுகாக்கணும்னு மட்டும் பெரும்பாலும் யாரும் உக்கார வச்சு சொல்றதில்ல, "வெளிய எதுவும் பேசாதீங்க கேட்டியளா"னு ஒரு வரியோட முடிச்சிருவாங்க. அந்த ஒரு வரி பத்தாது.

அதுலயும் நம்ம குமரி மாவட்டத்துல சுத்தமா பத்தாது. களியக்காவிளையில பஸ் ஏறினா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல கன்னியாகுமரி வந்துரும், அவ்வளவு சின்ன மாவட்டம், அதுக்குள்ள ஊரு ஊருக்கு சொந்தக்காரங்க. ஒருத்தரோட பேரைச் சொல்லாம "குளச்சல் பக்கம் உள்ள ஆளு, போட்டுக்குப் போவாரு, அவரு தங்கச்சி நர்ஸா குவைத்துல இருக்கு"னு சொன்னா போதும், கேட்டவர் அடுத்த டீ குடிக்கிறதுக்குள்ள ஆள் யாருன்னு சொல்லிருவாரு. பேரை மாத்திட்டா மறைச்சாச்சுன்னு நினைக்காதீங்க. இங்க ஆளைக் காட்டிக் குடுக்குறது ஊரு, கோயிலு, தொழிலு, எந்த வீட்டுப் பிள்ளைங்கிறது, இந்த நாலும்தான்.

விவரம் கசிஞ்சா என்ன ஆகும்னு கேட்டா, வேலை போகும், வாடகை வீடு போகும், தங்கச்சி கல்யாணப் பேச்சு நிக்கும், பிள்ளைங்களை ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க. அதைவிட மோசமான ஒண்ணு இருக்கு. அந்த ஊர்ல இன்னும் குடிச்சிட்டிருக்கிற பத்துப் பேரு அதைப் பாத்துட்டு "அங்க போனா ஊருக்கே தெரிஞ்சிரும்"னு வராமலே இருந்துருவாங்க. ஒருத்தரோட பேரு வெளிய போனா வராமப் போறவங்க எத்தனைன்னு நமக்குத் தெரியாமலே போயிரும்.

இதுல எனக்கு உறுதியா ஒரு கருத்து இருக்கு, கீழ வர்ற எல்லாமே அதுல இருந்துதான் வருது. அங்க தங்குறவரைப் பத்தின விவரம் அவரோட சொத்து. இல்லத்தோடதும் இல்ல, ஃபீஸ் கட்டுற அண்ணனோடதும் இல்ல, நம்மளோடதும் இல்ல. அதனால யார் எதைக் கேட்டாலும் "சொல்லலாமா வேண்டாமா"னு நாம முடிவெடுக்கக் கூடாது, அவருகிட்ட கேக்கணும், ஒவ்வொரு தடவையும் கேக்கணும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29ல இருந்து நடைமுறையில இருக்கு. மது, போதைப்பொருள் பழக்கத்தோட சேர்ந்து வர்ற மனநிலைப் பாதிப்பும் அந்தச் சட்டத்துல மனநோய்ங்கிற வரையறைக்குள்ள வருது, அதனால "இது பைத்தியக்காரங்களுக்கான சட்டம், நம்ம ஆளுங்க அப்படி இல்ல"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த வார்த்தையும் உங்க வாயில வரக்கூடாது. 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படுற உரிமையைச் சொல்லுது, சிகிச்சை குடுக்குறவங்க அதுல தெரிஞ்சுக்கிட்ட விவரத்தை வெளிய விடக்கூடாது, கம்ப்யூட்டர்ல ஃபோன்ல இருக்கிற விவரத்துக்கும் அது பொருந்தும். 24ஆம் பிரிவு, சிகிச்சையில இருக்கிறவரோட போட்டோவோ வேற தகவலோ அவரு சம்மதம் இல்லாம பத்திரிகை, டிவிக்குப் போகக் கூடாதுங்குது. 26ஆம் பிரிவுப்படி யாரைப் பாக்கணும், யாரைப் பாக்க வேண்டாம், யாரோட ஃபோன்ல பேசணுங்கிறது அவரோட உரிமை. முதல் தடவை மீறினா ஆறு மாசம் வரை ஜெயில் இல்ல 10,000 ரூபாய் வரை அபராதம் இல்ல ரெண்டும், திரும்பவும் பண்ணினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், அபராதம் 50,000ல இருந்து 5 லட்சம் வரைக்கும் போகலாம்.

23ஆம் பிரிவு மருத்துவப் பணியாளர்களைத்தான் நேரடியா சொல்லுது, நான் வெறும் சமையல்தானேன்னு ஒதுங்க வேண்டாம். சாப்பாடு பரிமாறுற ஆளுக்குத் தெரியாத ரகசியம் அந்த வீட்டுல கிடையாது, யாரு கை நடுங்குது, யாரு ராத்திரி அழுதாங்கன்னு டாக்டருக்கு முன்னாடி உங்களுக்குத்தான் தெரியும். அதனால டாக்டருக்கு என்ன கட்டுப்பாடோ அதுதான் நமக்கும்.

கஞ்சா மாதிரி விஷயத்துல வர்றவங்களுக்கு இன்னொரு பயம் இருக்கும், "நான் அடிச்சேன்னு ஃபார்ம்ல எழுதினா போலீஸுக்குப் போயிருமா"னு கேப்பாங்க. 1985 போதைப்பொருள் சட்டத்துல 64ஏ பிரிவு இருக்கு, பயன்படுத்தினதுக்காகவோ சிறு அளவு வச்சிருந்ததுக்காகவோ வழக்கு உள்ளவரு தானா முன்வந்து அரசு நடத்துற இல்ல அரசு அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்தா வழக்குல இருந்து பாதுகாப்பு உண்டு, சிகிச்சையைப் பாதியில விட்டா அந்தப் பாதுகாப்பை எடுத்துரவும் செய்யலாம். வித்தவருக்கு இது பொருந்தாது. இதைத் தெரிஞ்சு வச்சிட்டு நிதானமா சொன்னா அவரு உண்மையைப் பேசுவாரு. ஏற்கனவே கேஸ் இருக்குன்னா நீங்க விளக்கம் சொல்லாம வக்கீல்கிட்ட அனுப்புங்க. இலவச சட்ட உதவிக்கு 15100 நம்பர் இருக்கு.

கேட்டுலயும் ஃபோன்லயும் என்ன சொல்றது

இதுதான் ரொம்ப முக்கியம், நிதானமா படிங்க. பெரும்பாலான கசிவு கம்ப்யூட்டர்ல இருந்து நடக்குறதில்ல, கேட்டுல நிக்கிறவர் கேக்குற சாதாரணக் கேள்விக்கு நாம குடுக்குற மரியாதையான பதில்ல இருந்துதான் நடக்குது.

ஒருத்தர் பைக்கை நிறுத்திட்டு வந்து கேக்குறாரு, "அண்ணே, நம்ம மச்சான் இங்கதானே கிடக்கான்?"

நீங்க சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இங்க யாரு இருக்காங்க, இல்லங்கிறதை நாங்க யாருக்கும் சொல்றதில்ல அண்ணே. ஒரு பேப்பர்ல உங்க பேரும் நம்பரும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அப்படி ஒருத்தர் இருந்தா அவருகிட்ட குடுப்போம், அவருக்கு இஷ்டம்னா கூப்பிடுவாரு."

அந்த ஆளு உண்மையிலேயே அங்க இல்லைன்னாலும் இதே பதில்தான். இங்கதான் புதுசா வர்றவங்க சறுக்குவாங்க. இல்லாதவரைக் கேட்டா "அப்படி யாரும் இல்லையே"னு பட்டுனு சொல்லிருவோம், இருக்கிறவரைக் கேட்டா மட்டும் "சொல்லக்கூடாது"னு சொல்லுவோம், அப்ப ரெண்டாவது பதிலைக் கேட்டவருக்கு விஷயம் புரிஞ்சிரும்ல. அதனால எல்லாருக்கும் ஒரே பதில், ஒரே குரல்ல. அமெரிக்காவுல போதை சிகிச்சை விவரங்களுக்குன்னு 1975லேயே தனி விதிமுறை போட்டுட்டாங்க, ஒருத்தரு சிகிச்சையில இருக்காருங்கிறதையே அவரோட சம்மதம் இல்லாம உறுதிப்படுத்தக் கூடாதுங்கிறது அதுல உண்டு. அந்த விதி நம்மளைக் கட்டுப்படுத்தாது, ஆனா அது சரியான பழக்கம், நாமளும் வச்சுக்கலாம்.

ஃபோன்லயும் இதேதான். "நான் அவரு வீட்டுக்காரி பேசுறேன்"னு சொன்னா குரலை வச்சு நம்பக்கூடாது. சேரும்போதே அவரைக் கேட்டு யார் யார்கிட்ட பேசலாம்னு ஒரு லிஸ்ட் எழுதி வாங்கி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாள வார்த்தை வச்சுக்கோங்க, வீட்டு நாய் பேரோ எதுவோ. வார்த்தை சொல்லத் தெரியலைன்னா லிஸ்ட்ல உள்ள நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிடுங்க. லிஸ்ட்ல இருந்தாலும் எவ்வளவு சொல்லலாங்கிறது வேற கேள்வி, "நல்லா இருக்காரு, சாப்பிடுறாரு"ங்கிறது வரைக்கும் பொண்டாட்டிக்கு சொல்லலாம்னு அவரு எழுதியிருக்கலாம், கவுன்சிலிங்ல என்ன பேசினாருங்கிறது அவங்களுக்கும் கிடையாது. ஃபீஸ் கட்டுற அண்ணனுக்கும் கிடையாது. அண்ணன் கோவப்படுவாரு, "காசு குடுக்குறது நான், என்கிட்ட சொல்லாம?"னு கேப்பாரு, பொறுமையா நில்லுங்க, "அவருகிட்ட கேட்டுட்டு சொல்றோம் அண்ணே"ங்கிறதுக்கு மேல எதுவும் வேண்டாம்.

பெண்கள் தங்குற இல்லம்னா இதை இன்னும் இறுக்கிப் பிடிக்கணும். நம்ம பக்கம் ஒரு பொண்ணு குடிக்குதுன்னாலே உலகம் முடிஞ்ச மாதிரி பேசுவாங்க, அதுபோக அடிக்கிற புருஷன்கிட்ட இருந்து தப்பிச்சு வந்தவங்களும் அதுல இருப்பாங்க, அவங்களுக்கு முகவரி தெரிஞ்சா உயிருக்கே ஆபத்து.

கேட்டுல வைக்கிற விசிட்டர் நோட்டு பத்தியும் சொல்லணும். பெரிய நோட்டு, அதுல யாரைப் பாக்க வந்தீங்கன்னு ஒரு காலம், வர்றவரு பேனாவை எடுத்துட்டு முந்தின பக்கத்தையும் புரட்டிப் பாத்துருவாரு. அதை மாத்துங்க. தனித்தனி சீட்டு, எழுதினதும் மடிச்சு பெட்டியில போடுற மாதிரி. யாரைப் பாக்கங்கிற இடத்துல அறை நம்பரோ வேற குறியீடோ போதும்.

அட்மிஷன் பேப்பர்

தேவையில்லாததை வாங்காதீங்க. வாங்காத விவரம் கசியாது. சாதி, சம்பளம், ரேஷன் கார்டு காப்பி எல்லாம் எதுக்குன்னு உங்க பொறுப்பாளர்கிட்ட கேளுங்க, "எப்பவும் வாங்குறதுதான்"னு பதில் வந்தா அது காரணம் ஆகாது. ஆதார் வாங்கித்தான் ஆகணும்னா முதல் எட்டு எண்ணை மறைச்சு கடைசி நாலு மட்டும் தெரியுற ஆதார் இருக்கு, ஆதார் வெப்சைட்டுலயே டவுன்லோட் பண்ணலாம், அது போதும். அதை வார்டன் ஃபோன்ல போட்டோ எடுத்து அனுப்புற பழக்கம் இருந்தா அன்னைக்கே நிறுத்துங்க.

சம்மதக் கையெழுத்து வாங்குற நேரம் ரொம்ப முக்கியம். குடியை நிறுத்தின 6 மணி நேரத்துல இருந்தே நடுக்கம், வியர்வை தொடங்கலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள சிலருக்கு புத்தி தடுமாறி ஆளே தெரியாம பேசுற நிலைமை வரும், அது உயிருக்கு ஆபத்தானது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அந்த நாட்கள்ல ஒருத்தர் போடுற கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கு? சேரும்போது ஒரு தடவை கேளுங்க, ஆளு தெளிஞ்சு நல்லா தூங்கி எழுந்து சாப்பிட ஆரம்பிச்ச பிறகு திரும்பவும் ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டிக் கேளுங்க. "போட்டோ எடுக்கலாமா, யார்கிட்ட பேசலாம், அவசரம்னா யாருக்குச் சொல்லணும்", தனித்தனியா. ஒரே பேப்பர்ல "எல்லாத்துக்கும் சம்மதிக்கிறேன்"னு எழுதி வாங்குறது சம்மதமே இல்ல. குடுத்த சம்மதத்தை எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம்னும் சொல்லணும்.

எச்ஐவி, காசநோய், மஞ்சள்காமாலை மாதிரி டெஸ்ட் ரிசல்ட் வந்தா அந்தப் பேப்பர் அவருக்கும் டாக்டருக்கும் மட்டும். எச்ஐவி விவரத்துக்கு 2017லேயே தனிச் சட்டம் இருக்கு, அவரு சம்மதம் இல்லாம வெளிய சொல்றதை அது தடுக்குது. அதுக்காக தட்டு தம்ளரை தனியா ஒதுக்கி வைக்கிறது, அதுவும் சொல்றதுதான், வாயைத் திறக்காமலே சொல்றது.

ஃபோனும் வாட்ஸ்அப்பும்

வாட்ஸ்அப்ல "குடும்பத்தார் குரூப்"னு ஒண்ணு ஆரம்பிப்பாங்க, நல்ல எண்ணத்துலதான். அதுல சேர்ந்த உடனே எல்லாரு நம்பரும் எல்லாருக்கும் தெரியும், டிபி தெரியும், மார்த்தாண்டத்துக்காரர் தக்கலைக்காரரைப் பாத்து "இது எங்க அத்தை வீட்டுக்குப் பக்கத்து ஆளாச்சே"னு சொல்லுவாரு. குரூப் வேண்டாம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்புங்க, கொஞ்சம் வேலை கூடும், பரவாயில்ல.

இல்லத்து நம்பரை வீட்டுக்காரங்க என்ன பேர்ல சேவ் பண்றாங்கன்னும் பாருங்க. "குடி சென்டர்"னு சேவ் பண்ணியிருந்தா, கல்யாண வீட்டுல ஃபோன் மேஜையில கிடக்கும்போது கால் வந்தா சுத்தி இருக்கிற எல்லாரும் வாசிப்பாங்க. ட்ரூகாலர்ல வேற, பல பேரு குடுக்குற பேரு முன்பின் தெரியாதவங்க ஸ்கிரீன்லயும் வரும். சேரும்போதே சொல்லிருங்க, ஒரு ஆளு பேர்ல சேவ் பண்ணிக்கோங்கன்னு. ஜிபேல ஃபீஸ் கட்டினாலும் பேங்க் ஸ்டேட்மென்ட்ல இல்லத்தோட பேரு வரும், நோட்டு எழுதுற இடத்துல "அண்ணன் ட்ரீட்மென்ட்"னு எழுதுறவங்களும் உண்டு. காலியா விடச் சொல்லுங்க. இல்லத்துக் கணக்கோட பேருலயே போதை, மறுவாழ்வுங்கிற வார்த்தை வேணுமான்னு பொறுப்பாளர்கிட்ட பேசிப் பாருங்க.

தங்குறவரு ஃபோன் வச்சிருக்காருன்னா அவரோட சேர்ந்து உக்காந்து லொக்கேஷன் ஷேரிங் ஆன்ல இருக்கான்னு பாத்துக் குடுங்க, அவரு சம்மதத்தோட. வேலைக்குப் போயிட்டு வந்து தங்குறவங்களுக்கு இது முக்கியம், பழைய குடி சேக்காளி எவனாவது மேப்பைப் பாத்து சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு வந்து நிப்பான்.

கூகுள்ல இல்லத்தைப் பத்தி யாராவது மோசமா ரிவ்யூ எழுதுவாங்க, படிக்க வயித்தெரிச்சலா இருக்கும், "நீங்க இங்க ரெண்டு மாசம் இருந்தீங்க, அப்ப எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டோம்"னு பதில் எழுதத் தோணும். எழுதவே கூடாது. அவரே தன் பேர்ல எழுதியிருந்தாலும் அவரு அங்க இருந்தாருன்னு நாம உறுதிப்படுத்த முடியாது. "எங்களை நேரில தொடர்பு கொள்ளுங்க"னு ஒரு வரி போதும்.

சிசிடிவி பத்தி சுருக்கமா: கேட்டுலயும் வராந்தாவுலயும் சரி, படுக்கிற அறை, குளிக்கிற இடம், கவுன்சிலிங் அறையில கூடவே கூடாது, வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டை மாத்துங்க, கேமரா ஆப் யார் யார் ஃபோன்ல இருக்குன்னு ஒரு லிஸ்ட் வைங்க, வேலையை விட்டுப் போனவங்க ஃபோன்ல இருந்து எடுங்க.

சாப்பாடு குடுக்க வர்றவங்களும் போட்டோவும்

நம்ம ஊர்ல பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவோட நினைவு நாள்னு இல்லங்களுக்கு சாப்பாடு குடுக்குறது வழக்கம். நல்ல மனசுதான், அந்தச் சாப்பாடு நமக்குத் தேவையும்கூட. ஆனா இலையைப் போட்டு பிரியாணியை வச்ச உடனே ஃபோனை எடுத்து எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ, சாயங்காலத்துக்குள்ள ஃபேஸ்புக்ல "இன்று மறுவாழ்வு இல்லத்தில்"னு வந்துரும், இருபது முகம் தெளிவா தெரியும். சாப்பிட உக்காந்த ஆளு அந்த நேரத்துல எப்படி எழுந்து "என்னை எடுக்காதீங்க"னு சொல்லுவாரு? சோறு குடுத்தவங்க முன்னாடி அவருக்கு நாக்கு எழும்பாது. அதனால அதை நாமதான் முன்னாடியே சொல்லணும், தேதி குறிக்கிற ஃபோன்லயே சொல்லிரணும்: "ரொம்ப சந்தோஷம் சார், வாங்க. ஒரு விஷயம், உள்ள யாரையும் போட்டோ, வீடியோ எடுக்க முடியாது. நீங்க பாத்திரத்தோட கேட்டுக்கு வெளிய நின்னு எடுத்துக்கலாம், ஆனா இல்லத்தோட போர்டு அதுல வரக்கூடாது." இதுக்கு ஒத்துக்காதவரோட சாப்பாடு நமக்கு வேண்டாம். இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன், ஒரு நேரம் கஞ்சியும் பயறும் வச்சு சமாளிச்சுக்கலாம்.

டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ் வருவாங்க, பாட்டுக்கார பிள்ளைங்க கையில ஃபோன் லைவ்ல ஓடிட்டே இருக்கும். வாசல்ல நின்னு பாடட்டும், வெளிய வந்து கேக்க விருப்பமுள்ளவங்க வரட்டும், லைவை மட்டும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஜூன் 26 சர்வதேச போதை ஒழிப்பு தினம், அன்னைக்கு ஊர்வலத்துக்கு "உங்க ஆளுங்களை அனுப்புங்க, தட்டி பிடிக்க"னு கேப்பாங்க, நாகர்கோவில்ல மெயின் ரோட்டுல தட்டி பிடிச்சு நடந்தா பேப்பர்ல முதல் வரிசையில நிக்கிறவரு முகம் வந்துரும். தானா விரும்பிப் போறவரைத் தடுக்க வேண்டாம், ஆனா யாரையும் அனுப்பாதீங்க.

கோயில்லயும் ஜெபத்துலயும்

இது நம்ம மாவட்டத்துக்கே உரிய சிக்கல், கொஞ்சம் மனசு வச்சுப் பேசணும். வீட்டுல உள்ளவங்க அன்பியத்துல (பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து ஜெபிக்கிற சின்னக் குழு), ஜெபக்கூட்டத்துல "எங்க வீட்டுக்காரரு குடியை விட ஜெபிச்சுக்கோங்க"னு அழுதுட்டே சொல்லுவாங்க, அவங்களுக்கு வேற ஆறுதல் இல்ல, அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அங்க இருக்கிற முப்பது பேருக்கும் அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சிரும். அவங்ககிட்ட மெதுவா சொல்லிப் பாருங்க, "நம்ம குடும்பத்துல ஒரு நோயாளிக்காக"னு ஜெபிக்கச் சொன்னா போதும்மா, கடவுளுக்கு பேரும் நோயும் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. திருப்பலியில, ஆராதனையில வாசிக்கிற சீட்டுலயும் அப்படியே எழுதலாம். ஃபாதர்கிட்ட, போதகர்கிட்ட இல்லத்துப் பொறுப்பாளர் ஒரு தடவை நேரில பேசி வச்சா ரொம்ப உதவியா இருக்கும், அவங்க பெரும்பாலும் புரிஞ்சுக்குவாங்க.

மண்டைக்காடு கொடை, ஊர்க் கோயில் கொடை, பத்து நாள் திருவிழான்னு வரும்போது "எங்க ஆளையே காணல?"னு எல்லாரும் கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லணும்னு அவரையும் வீட்டையும் சேர்த்து உக்கார வச்சு முன்னாடியே முடிவு பண்ணுங்க. வெளியூர்ல வேலைன்னு பெரிய கதை கட்டினா அது ஒரு நாள் உடையும், உடைஞ்சா ரெண்டு மடங்கு அசிங்கம். "உடம்பு சரியில்ல, ட்ரீட்மென்ட்ல இருக்காரு, வந்ததும் அவரே கூப்பிடுவாரு"ங்கிறது உண்மையும்கூட, மேல கேள்வி கேக்கவும் விடாது.

சாட்சி சொல்றது, அதாவது தான் குடியில இருந்து மீண்ட கதையை சபை முன்னாடி சொல்றது, இன்னொண்ணு. குடியை விட்டு மூணு மாசம் ஆனவரை மேடையில ஏத்தி மைக்கைக் குடுத்து சாட்சி சொல்லச் சொல்லுவாங்க, அவருக்கும் அந்த நேரத்துல உற்சாகமா இருக்கும். குடியை விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடுற, 1935ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்துல, நம்ம பக்கமும் கூட்டம் நடக்குது, பத்திரிகை, ரேடியோ, சினிமா முன்னாடி உறுப்பினர் தன் அடையாளத்தைக் காட்டிக்க வேண்டாங்கிறது ஒரு மரபு. அதுக்குப் பின்னால அனுபவம் இருக்கு. மேடையில சொன்னவரு பிறகு ஒரு நாள் சறுக்கினா ஊரே பாத்துட்டிருக்கும், அந்த வெக்கத்துல திரும்ப உதவி கேட்டு வர மாட்டாரு. சாட்சி சொல்லணுமா, யார் முன்னாடி, வீடியோ உண்டா, யூட்யூப்ல போடுவாங்களா, இதையெல்லாம் அவரு யோசிக்க நேரம் குடுங்க. அவரு ஆமான்னு சொன்னா அது அவரோட முடிவு, நாம மறிக்க வேண்டாம்.

விசாரிக்க வர்றவங்க

கல்யாண விசாரிப்புதான் இதுல கஷ்டமானது. பொண்ணு வீட்டுக்காரங்க நல்லவங்க, கவலையோட வந்து, "எங்க பிள்ளையைக் குடுக்கப் போறோம், உண்மையைச் சொல்லுங்க"னு கேப்பாங்க. மனசு கேக்காது. அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சாகணும்னுதான் நானும் நினைக்கிறேன், ஆனா அது நம்ம வாயில இருந்து போகக் கூடாது. மாப்பிள்ளைகிட்ட கவுன்சிலர் மூலமா பேசுங்க, நிச்சயத்துக்கு முன்னாடி நீயே சொல்லு, மறைச்சு கட்டின கல்யாணத்துல குடியை விட்டு நிக்கிறது கஷ்டம்னு எடுத்துச் சொல்லுங்க. வந்தவங்ககிட்ட கேட்டுல சொல்ற அதே பதில்தான், அதோட "எதுவா இருந்தாலும் பையன்கிட்ட நேரடியா கேளுங்க"னு சேர்த்துக்கலாம், இதை எந்தப் பையனைப் பத்திக் கேட்டாலும் சொல்லுங்க.

போட் ஓனர், ரப்பர் தோட்டத்து முதலாளி, கடை முதலாளி கேட்டாலும் அப்படித்தான். லீவு லெட்டருக்கு சர்டிபிகேட் வேணும்னா என்ன நோய்னு எழுதாம சிகிச்சையில இருந்தாருன்னு மட்டும் எழுத முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, லெட்டர்ஹெட்டுல இல்லத்தோட பேரே விஷயத்தைச் சொல்லிருமேன்னும் யோசிங்க. வட்டிக்காரங்க, குழுக்கடன் வசூலுக்கு வர்றவங்களுக்கு நாம எதுவும் சொல்லத் தேவையில்ல.

போலீஸ் வந்தா பயந்து ரிஜிஸ்டரைத் தூக்கிக் குடுத்துராதீங்க, மரியாதைக்குறைவாவும் பேசாதீங்க. உக்கார வச்சு, பேரு, ஸ்டேஷன், என்ன வேணும்னு எழுத்துல கேட்டு, உடனே பொறுப்பாளருக்கு ஃபோன் பண்ணுங்க. கோர்ட்டோ, மனநல மறுஆய்வு வாரியமோ, சட்டப்படி அதிகாரம் உள்ள அமைப்போ உத்தரவு போட்டா கேட்ட விவரத்தை மட்டும் குடுக்கணும், எல்லாரு பேரும் உள்ள முழு நோட்டை இல்ல. அந்த முடிவு பொறுப்பாளரும் வக்கீலும் எடுக்கட்டும்.

எப்ப சொல்லித்தான் ஆகணும்

ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லணும். ராத்திரி வலிப்பு வந்து 108ல ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்கன்னா டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்க, கடைசியா எப்ப குடிச்சாரு, என்ன மாத்திரை, முன்னாடி வலிப்பு வந்திருக்கா, எல்லாம். அதை கேஷுவாலிட்டி வாசல்ல சத்தமா சொல்ல வேண்டாம், பக்கத்து ஸ்ட்ரெச்சர்ல கிடக்கிறவருக்குத் துணைக்கு வந்த ஆளு நம்ம ஊர்க்காரரா இருப்பாரு. தற்கொலை பண்ணிக்குவேன்னு பேசினா, இன்னொருத்தரைக் குத்திருவேன்னு சொன்னா, அன்னைக்கே டாக்டருக்கும் பொறுப்பாளருக்கும் போகணும், இதுக்கு சட்டத்துலயும் விலக்கு இருக்கு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சா 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி போலீஸ்ல சொல்லியே ஆகணும், அதுல ரகசியம்னு ஒண்ணு இல்ல.

இன்னொண்ணையும் அழுத்திச் சொல்றேன். இல்லத்துக்குள்ள அடிக்கிறாங்க, கட்டி வைக்கிறாங்க, மொட்டை போடுறாங்க, பட்டினி போடுறாங்கன்னா அதை "இங்க நடக்குறது வெளிய போகக் கூடாது"னு சொல்லி மூடுறது ரகசியம் காக்குறது ஆகாது. கட்டாயமா மொட்டை போடுறதையே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 20ஆம் பிரிவு தடுக்குது. ரகசியம் அங்க தங்குறவரைப் பாதுகாக்க, இல்லத்து முதலாளியைப் பாதுகாக்க இல்ல. அவரு புகார் குடுக்கணும்னா 28ஆம் பிரிவுப்படி பொறுப்பு மருத்துவர்கிட்ட, பிறகு மறுஆய்வு வாரியத்துக்கு, அடுத்து மாநில மனநல ஆணையத்துக்குப் போகலாம், அதுக்கு ஃபோனும் பேப்பரும் நீங்க குடுக்கணும்.

வீட்டுக்குள்ளயும் வெளிய ரோட்டுலயும்

தங்கியிருக்கிறவங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் பேசுறதை நாம முழுசா தடுக்க முடியாது. ஷேரிங்ல, அதாவது எல்லாரும் சுத்தி உக்காந்து மனசு விட்டுப் பேசுற நேரத்துல, கேட்டதை வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு வாராவாரம் ஞாபகப்படுத்தலாம், புதுசா ஒருத்தர் சேரும்போது எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிற மாதிரி சொல்ல வைக்கலாம். மாத்திரை குடுக்கும்போது பேரையும் மருந்தையும் கத்திக் கூப்பிடாம கையில கொண்டு குடுங்க. சுவர்ல பேரு எழுதின சார்ட்டு, "குடிக்காத நாட்கள்" போர்டு எல்லாம் வாசல்ல இருந்து பாத்தா தெரியுற இடத்துல வேண்டாம். வீட்டுல கொண்டு விடுற வண்டியில இல்லத்து பேரு எழுதியிருந்தா வேற வண்டி பிடிங்க.

இங்க இருந்து போனவரை வடசேரி சந்தையிலயோ மார்த்தாண்டத்துலயோ பாத்தா நீங்க முதல்ல பேசாதீங்க. அவரு சிரிச்சா சிரிங்க, பேசினா பேசுங்க, கூட நிக்கிறவர்கிட்ட உங்களை எப்படி அறிமுகப்படுத்துறாரோ அப்படியே இருங்க. இதையும் அவரு கிளம்பும்போதே சொல்லிருங்க, "ரோட்டுல பாத்தா நான் பாக்காத மாதிரிதான் போவேன், கோவம்னு நினைக்காதீங்க"னு.

கசிஞ்சு போச்சுன்னா

மூடி மறைக்காதீங்க. முதல்ல அவருகிட்ட சொல்லுங்க, அன்னைக்கே, வேற யாரு மூலமாவும் அவருக்குத் தெரிய வர்றதுக்கு முன்னாடி. என்ன போச்சு, யாருக்குப் போச்சு, எப்படிப் போச்சுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. போட்டோ, போஸ்டுன்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு போட்டவரை ஃபோன்ல கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்க, கமென்ட்ல போய் சண்டை போட்டா இன்னும் நாலு பேரு பாப்பாங்க. எடுக்க மாட்டேன்னா அந்த ஆப்லயே ரிப்போர்ட் பண்ணுங்க, மிரட்டல் வந்தா சைபர் கிரைம்ல புகார் குடுக்கலாம், குடுக்கணுமா வேண்டாமாங்கிறது தங்கியிருக்கிறவரோட முடிவு. அந்த வாரம் அவரு ரொம்ப ஆடிப் போயிருப்பாரு, திரும்பக் குடிக்கத் தோணுற நேரமும் அதுதான், அதனால கவுன்சிலர்கிட்ட சொல்லி தினமும் ஒரு நேரம் ஒதுக்குங்க, ராத்திரி தனியா விடாதீங்க. வெளிய போயிட்டவருன்னா போதை மீட்பு உதவிக்கு 14446, மனசு ரொம்ப கலங்கியிருந்தா 14416, ரெண்டு நம்பரையும் எழுதிக் குடுங்க. பிறகு பொறுப்பாளரோட உக்காந்து கசிஞ்ச வழி எதுன்னு கண்டுபிடிச்சு அடைங்க, கேட்டு நோட்டா, வாட்ஸ்அப்பா, நம்ம வாயான்னு பாத்து, என்ன மாத்தினோம்னு தேதி போட்டு எழுதி, அதை அவருக்கும் காட்டுங்க.